குதிரை கண்ணைத் திறக்கவே விடுவதில்லை, களிம்பை எப்படிப் போடுவது?

பெங்களூரு எலஹங்காவிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: கருவிழிப் புண்ணுக்கு டாக்டர் சொட்டு மருந்தும் களிம்பும் கொடுத்திருக்கிறார், குதிரை இமையை இறுக்கிக்கொள்கிறது.

இமையை மூடும் தசை குதிரைக்கு மிக வலுவானது. மல்லுக்கட்டினால் ஆழமான புண் கிழியவும்கூடும். ஹால்ட்டரை (தலைக்கயிற்றை) பிடிக்கும் குதிரைக்காரர் நீங்கள் நிற்கும் பக்கமே நிற்கட்டும். கையைக் கழுவி, பீளையை சலைனில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். மருந்து பிடித்த கையைக் கன்ன எலும்பில் ஊன்றிக்கொள்வதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். குதிரை தலையை உதறினால் கையும் கூடவே போகும், ட்யூப் முனை விழியில் குத்தாது. மறு கையின் ஆள்காட்டி விரலால் மேலிமையை உயர்த்தி, கட்டைவிரலால் கீழிமையை இழுத்தால் உள்ளே பை போல ஓர் இடம் தெரியும். அதில் அரை சென்டிமீட்டர் களிம்பு போதும். முனை எதிலும் படக்கூடாது, பட்டால் ட்யூபில் கிருமி ஏறிவிடும்.

முதலில் சொட்டு, 5 நிமிடம் கழித்துக் களிம்பு. மாற்றிப் போட்டால் எண்ணெய்ப் படலம் சொட்டை உள்ளே விடாது.

கண்மணியை விரிக்கும் அட்ரோபின் சொட்டு மருந்தைக் கொடுத்திருந்தால் குடல் அசைவு மந்தமாகலாம். லத்தி குறைகிறதா, தீனியை ஒதுக்குகிறதா என்று கவனியுங்கள். வெயில் கூசும், நிழலில் கட்டுங்கள். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் ட்யூபைத் தயவுசெய்து தொடாதீர்கள்: அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் வேகமாக ஆழமாகிவிடும்.

இரண்டு மணிக்கொரு தடவை போட வேண்டியிருந்து, குதிரையும் முரண்டு பிடித்தால், இமை வழியாக மெல்லிய குழாய் பொருத்த முடியுமா என்று ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள். குழாயின் மறுமுனை இருக்கும் பிடரிப் பக்கம் நின்றே 0.1 முதல் 0.2 மி.லி. சொட்டு மருந்தைச் செலுத்தி, அது கண்ணுக்குப் போய்ச் சேர அடுத்ததாகக் காற்றை மெதுவாகத் தள்ளலாம். களிம்பு அதில் போகாது, அடைத்துக்கொள்ளும்.