பிளஸ் டூ முடித்த மகனை ஏசி வேலைக்கு அனுப்புவதா என்று கேட்கும் தந்தைக்கு

வணக்கம் ஐயா. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகனுக்கு இயற்பியல் பிடிக்கும், கையில் ஸ்க்ரூ டிரைவர் கிடைத்தால் எதையாவது கழற்றிப் பார்ப்பான், பொறியியல் கல்லூரிக்குப் போக விருப்பமில்லை. ஊட்டியில் ஹோட்டல் பராமரிப்பில் இருக்கும் அவனுடைய தாய்மாமா, ஐ.டி.ஐ.யில் சேர்ந்து ஹீட் பம்ப் சர்வீஸ் கற்றுக்கொள்ளச் சொல்கிறார். சொந்தக்காரர்களோ, "இதுக்கா பிளஸ் டூ வரைக்கும் படிக்க வெச்சீங்க?" என்று கேட்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்த்துவிடுங்கள். ஆனால் படித்து முடித்ததும் முதல் வேலையை எங்கே எடுக்கிறான் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாமா சொல்லும் இயந்திரம் என்னவென்று பார்ப்போம். ஹோட்டல், மருத்துவமனை, கல்லூரி விடுதி போன்ற இடங்களில் தினமும் ஆயிரக்கணக்கான லிட்டர் வெந்நீர் வேண்டும். ஹீட் பம்ப், ஏசியைப் போலவே உள்ளே ஒரு கேஸை (குளிர்பதன வாயுவை) சுற்றவிட்டு, வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. நல்ல நிலையில் இருந்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும். சாதாரண ஹீட்டரில் ஒன்றுக்கு ஒன்றுதான். டீசல் பாய்லரை எடுத்துவிட்டு இதை வைப்பதற்கான காரணமும் அதுதான். ஆனால் பராமரிப்பு இல்லாவிட்டால் இந்த லாபம் மெல்ல மெல்லக் கரைந்துவிடும், முதலாளிக்குக் கரண்ட் பில்லில்தான் தெரியவரும். உங்கள் மகனுக்குச் சம்பளம் வரப்போவது அந்த இடத்திலிருந்துதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். விடியற்காலை நேரம், விருந்தினர்கள் குளிக்கும் வேளையில் இயந்திரம் 'ஹை பிரஷர்' (உள்ளே கேஸின் அழுத்தம் அதிகம்) என்று காட்டி ட்ரிப் ஆகிறது, அதாவது தானாக நின்றுவிடுகிறது. அரைகுறையாகக் கற்றவர் கொஞ்சம் கேஸை வெளியே விடுவார், அழுத்தம் இறங்கும், இயந்திரம் ஓடும், பில் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஒரு வாரத்தில் மறுபடி ட்ரிப் ஆகும். முறையாகக் கற்றவர் கேஸ் பக்கம் போவதற்கு முன்னால் தண்ணீரைப் பார்ப்பார். உள்ளே போகும் தண்ணீர் 50 டிகிரி, வெளியே வருவது 55 என்று இருக்க வேண்டிய இயந்திரத்தில் வெளியே 60 காட்டினால், தண்ணீரின் ஓட்டம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது என்று அர்த்தம். ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டியில் குப்பை அடைத்திருக்கலாம், பம்ப் பலவீனமாகியிருக்கலாம், போர் தண்ணீரின் உப்பு கேஸின் வெப்பம் தண்ணீருக்கு மாறும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் படிந்திருக்கலாம். படிந்த உப்பு வெப்பத்தைத் தண்ணீருக்குப் போக விடாது. அப்புறம் அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்? அதற்குத் தேவை டிஸ்கேலிங், அதாவது படிந்த உப்பை நீக்குவது. கேஸைத் தொட்டிருக்கவே கூடாது.

இந்தக் கணக்கு உங்கள் மகன் பள்ளியில் படித்ததுதான்: நிறை, தன்வெப்பம், வெப்பநிலை மாற்றம். 10 கிலோவாட் வெப்பத்தை 5 டிகிரி வித்தியாசத்தில் கொண்டுபோக நிமிடத்துக்கு சுமார் 29 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். அவனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிளஸ் டூ படிப்பு வீணாகிறது என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

மற்ற வழக்கமான வேலைகள் எளிமையானவைதான், ஆனால் தவறாமல் செய்ய வேண்டும். வெளிக்காற்றின் வெப்பத்தை இழுக்கும் காயிலில் (குழாய்ச் சுருளில்) படிந்த தூசியைக் கழுவுவது, ஃபேன், பேரிங் சத்தத்தைக் கவனிப்பது, பேனலில் தளர்ந்த டெர்மினல்களை முறுக்குவது, கம்ப்ரசர் இழுக்கும் ஆம்பியரை மூன்று பேஸிலும் அளந்து லாக்புக்கில் எழுதுவது. ஊட்டி போன்ற இடத்தில் ஜனவரி இரவுகளில் காயிலில் பனி உறையும், அதை உருக்கும் டிஃப்ராஸ்ட் சரியாக நடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று காயிலின் அலுமினிய ஃபின்களை (மெல்லிய தகடுகளை) அரித்துவிடும். போன மாதம் 14 ஆம்பியர், இந்த மாதம் 17 என்று லாக்புக் காட்டினால் இயந்திரம் நிற்பதற்கு முன்பே போய்ப் பார்த்துவிடலாம். எழுதி வைக்கும் பழக்கம் உள்ள பையன்களே சூப்பர்வைசர் ஆவதை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் முதல் வேலை முக்கியம் என்றேன். வீட்டு ஏசி மாட்டும் கடையில் சேர்ந்தால் கோடைக்காலம் முழுக்கச் சுவரில் துளை போட்டுக் குழாய் இழுப்பதிலேயே போய்விடும். காசு உடனே வரும், கற்பது குறைவு. பெரிய கட்டிடங்களுக்கு ஏ.எம்.சி. (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுக்கும் நிறுவனத்திலோ, ஒரு மருத்துவமனையின் பிளான்ட் அறையிலோ சேர்ந்தால் ஆரம்பச் சம்பளம் குறைவாக இருந்தாலும் ஒரே இயந்திரத்தை வருடம் முழுக்கப் பார்ப்பான். இயந்திரத்தின் கோளாறைக் கண்டுபிடிக்கும் திறமை அப்படித்தான் வரும். முதல் இரண்டு வருடம் சம்பளத்தை ஒப்பிட வேண்டாம் என்று அவனுடைய அம்மாவிடமும் சொல்லிவையுங்கள்.

கஷ்டங்களையும் மறைக்க விரும்பவில்லை. மொட்டை மாடி வெயில் இருக்கிறது, இரவில் அழைப்பு வரும். 415 வோல்ட் மின்சாரத்தோடு வேலை. மெயினை அணைத்துப் பூட்டி, சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்த பிறகுதான் பேனலைத் தொட வேண்டும். இந்த விஷயத்தில் அவசரப்படுத்தும் முதலாளியிடம் உங்கள் மகன் ஒரு நாள்கூட வேலை செய்யக் கூடாது.

கேஸும் மாறிக்கொண்டே இருக்கிறது. பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 கேஸ் இந்தியாவில் 2030க்குள் விடைபெறுகிறது. பூமியைச் சூடாக்கும் திறனில் கார்பன் டை ஆக்சைடை 1 என்று வைத்தால், அதற்கு அடுத்து வந்த ஆர்-410ஏ-யின் அளவு 2088, ஆர்-32-இன் அளவு 675. இத்தகைய கேஸ்களைக் குறைப்பதற்கான உலக நாடுகளின் கிகாலி ஒப்பந்தத்தை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது, 2032 முதல் அவற்றைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். புதிதாக வருபவற்றில் ஆர்-32 ஓரளவு தீப்பிடிக்கும், ஆர்-290 என்பது புரோப்பேனே. லீக்கைத் தேடாமல் குறைந்த கேஸை மட்டும் நிரப்பி 'டாப்-அப்' போடுகிறவர்களுக்கு இனி இடம் குறையும். நைட்ரஜன் ஏற்றி லீக் பார்த்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி வேக்யூம் எடுத்து, எடை போட்டு கேஸ் நிரப்பத் தெரிந்தவர்களைத் தேடுவார்கள்.

படிப்பு விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஐ.டி.ஐ.யில் குளிர்சாதன, ஏசி டெக்னீஷியன் பிரிவு இரண்டு வருடம். பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம், அதுவும் இரண்டு வருடம்தான். கையால் வேலை செய்யும் ஆசை உள்ள உங்கள் மகனுக்கு நான் ஐ.டி.ஐ.யைச் சொல்வேன், டிப்ளமாவைப் பிறகும் படிக்கலாம். ஐ.டி.ஐ. முடித்ததும் அப்ரென்டிஸ் பயிற்சி போவது நல்லது, உதவித்தொகையோடு வேலை கற்கலாம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்க வாய்ப்பிருக்கிறது, பள்ளியில் விசாரியுங்கள்.

சேர்ப்பதற்கு முன் அந்த ஐ.டி.ஐ.யின் ஒர்க்ஷாப்புக்கு ஒரு நாள் அவனோடு போங்கள். வேக்யூம் பம்பும் கேஸை மீட்டெடுக்கும் இயந்திரமும் இருக்கின்றனவா, மாணவர்களே பிரேஸிங் (குழாய்களைச் சூடாக்கிப் பற்றவைப்பது) செய்கிறார்களா, அல்லது ஆசிரியர் செய்வதைப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். அப்புறம் மாமாவிடம் சொல்லி, விடுமுறையில் ஒரு வாரம் ஊட்டியில் அவரோடு இருக்க வையுங்கள். அதிகாலை அழைப்புக்கு அவனும் எழுந்து போகட்டும். திரும்பி வந்த பிறகும் இதுதான் வேண்டும் என்றால், விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.