பட்டியலில் இல்லாத மருத்துவமனை: ஓய்வூதியருக்குச் செலவுத்தொகை கிடைக்குமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. ஊர் கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். என் கணவருக்கு நள்ளிரவில் மாரடைப்பு வந்தது. திருநெல்வேலியில் உடனே சேர்த்துக்கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் ஆஞ்சியோபிளாஸ்டி (இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சை) செய்து ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள். பில் 2,85,000 ரூபாய். நகையை அடகு வைத்துக் கட்டினோம். காப்பீட்டுக்காக என் ஓய்வூதியத்தில் மாதம் 497 ரூபாய் பிடிக்கிறார்கள். ஆனால் ‘அந்த மருத்துவமனை காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலில் இல்லை’ என்று காப்பீட்டு நிறுவனம் மனுவைத் திருப்பிவிட்டது. இனி வழி உண்டா?

பதில்: உண்டு அம்மா. காப்பீட்டு நிறுவனத்தின் நிராகரிப்புக் கடிதத்தோடு விட்டுவிடாதீர்கள். பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குப் போனால் கைக்காசு கட்டாமல் சிகிச்சை பெறலாம், பட்டியல் அதற்காகத்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடிப்பவரை வைத்துக்கொண்டு யாரும் பட்டியலைப் புரட்ட முடியாது. இதை நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

மத்திய அரசு ஓய்வூதியர் ஒருவர் தொடுத்த சிவகாந்த் ஜா வழக்கில், 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: சிகிச்சை உண்மையில் நடந்ததா, அதற்கு மருத்துவர்களின் சான்றும் ஆவணமும் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும், மருத்துவமனையின் பெயர் அரசாணையில் இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது. நம் மாநில அரசு ஊழியர், ஓய்வூதியர் வழக்குகளிலும் சென்னை உயர் நீதிமன்றமும் மதுரைக் கிளையும் இதே நிலைப்பாட்டைப் பலமுறை எடுத்திருக்கின்றன. இத்தனைக்குப் பிறகும் அதே காரணத்தைச் சொல்லி மனுக்களைத் திருப்புவது அநியாயம். வயதானவர்கள் அலைய முடியாமல் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, முதலில் எங்கே போவது? நேராக நீதிமன்றத்துக்கு வேண்டாம். உங்களுக்குப் பிடித்தம் செய்யும் ஓய்வூதியர் காப்பீட்டுத் திட்டத்தில் மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது. அதற்கு மேல் மாநில அளவிலும் உண்டு. நிராகரிப்புக் கடிதத்தின் நகலோடு மாவட்டக் குழுவுக்கு மேல்முறையீடு எழுதி, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். நகலை மாவட்டக் கருவூல அலுவலருக்கும் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வரக் கூடாது.

மனுவைத் தூக்கி நிறுத்துவது காகிதங்கள்தான். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். ‘அவசர நிலையில் சேர்க்கப்பட்டார்’ என்ற வரி இருக்கிறதா? சேர்த்த நேரம் இருக்கிறதா? இல்லையென்றால், சிகிச்சை செய்த இதய மருத்துவரிடம் அவசரச் சான்றிதழ் ஒன்று தனியாக வாங்கிவிடுங்கள். அன்றிரவு எடுத்த முதல் ஈசிஜியில் நேரம் அச்சாகியிருக்கும். உங்களுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஸ்டென்ட் பெட்டியிலிருந்து கிழித்து கேஸ் ஷீட்டில் (மருத்துவமனையின் சிகிச்சைக் குறிப்பேட்டில்) ஒட்டிய ஸ்டிக்கரின் நகல், இனவாரியான பில், பணம் கட்டிய ரசீதுகள், எல்லாம் வேண்டும். அசல்களை ஒப்படைக்கும் முன் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

பில்லில் ஸ்டென்ட்டுக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 2017 பிப்ரவரி முதல் ஸ்டென்ட் விலைக்கு மத்திய அரசின் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டியிருந்தால் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தில் புகார் செய்யலாம். இது காப்பீட்டுப் பிரச்சினைக்குச் சம்பந்தமில்லாத தனிப் புகார்.

குழுவும் மறுத்தால், அல்லது மாதக்கணக்கில் பதிலே வராவிட்டால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு (அரசு அமைப்புக்கு உத்தரவிடக் கோரும் மனு) போடலாம். வக்கீல் செலவை நினைத்துத் தயங்காதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. ஓய்வூதியம் உங்களுடையது என்பதால் மனுதாரர் நீங்கள்தான். மதுரைக் கிளையிலேயே சட்டப்பணிகள் குழு இருக்கிறது, அங்கே விண்ணப்பியுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2,85,000 ரூபாயும் அப்படியே வரும் என்று நம்பிக் கடன் கணக்குப் போட வேண்டாம். திட்டத்தில் அந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு அனுமதி என்று பார்த்துத்தான் பெரும்பாலும் தருவார்கள். மனுவைத் திரும்பப் பரிசீலிக்கச் சொல்லி நீதிமன்றம் குழுவுக்கே அனுப்புவதும் நடக்கும். ஆனாலும் உங்கள் மனுவில் முழுத் தொகையையும் கேளுங்கள், தாமதத்துக்கு வட்டியும் கேளுங்கள். நகைக்கடன் ரசீதின் நகலையும் கூடவே இணையுங்கள்.