உடல்தகுதி இருந்தும் 65-இல் ஏன் இறக்கிவிடுகிறார்கள்?

கேள்வி: என் கணவர் இந்திய விமான நிறுவனம் ஒன்றில் கேப்டன். இன்னும் சில மாதங்களில் அவருக்கு 65 வயது நிறைகிறது. சென்ற மாதம்தான் மருத்துவப் பரிசோதனையில் தேறினார். லைசென்ஸும் செல்லுபடியாகிறது. ஆனாலும் பிறந்த நாளுக்கு முந்தைய நாளோடு பறப்பதை நிறுத்த வேண்டும் என்கிறார்கள். வழக்குப் போடலாமா? சரக்கு விமானம், வெளிநாட்டு நிறுவனம் என்று வேறு வழி உண்டா?

பதில்: வழக்குப் போடாதீர்கள் அம்மா, வக்கீல் செலவுதான் மிச்சமாகும். 58-இலோ 60-இலோ ஓய்வு கொடுத்திருந்தால் அது நிறுவனத்தின் பணிவிதி. அதைப் பேசி மாற்றலாம். ஏர் இந்தியாவில் நெடுங்காலம் 58 வயதில் ஓய்வு கொடுத்துவிட்டு, தேவைப்பட்டவர்களை ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டார்கள். 65 அப்படியல்ல. அது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான இக்காவோ வகுத்த வரம்பு. நம் நாட்டு விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.வும் அதையே கடைப்பிடிக்கிறது. 2006 வரை இந்த வரம்பு 60 ஆக இருந்தது. பிறகு 65 ஆக்கியபோதும், ஒரு விமானி 60-ஐத் தாண்டியவர் என்றால் பக்கத்து இருக்கையில் இருப்பவர் 60-க்கு உட்பட்டவராக இருக்க வேண்டும் என்றார்கள். 2014-இல் அந்த நிபந்தனையும் போயிற்று.

உடல்தகுதியை நிரூபித்தால் போதாதா என்பீர்கள். ஆஸ்திரேலியாவில் குவாண்டாஸ் நிறுவனத்தின் ஜம்போ விமான கேப்டன் கிறிஸ்டி இதைத்தான் கேட்டார். 1994-இல் 60 வயது நிறைந்ததும் அவரை அனுப்பிவிட்டார்கள். அவருடைய திறமையிலோ உடல்நிலையிலோ யாரும் குறை சொல்லவில்லை. அந்த நாட்டுச் சட்டத்திலும் விமானிக்கு வயது வரம்பு கிடையாது. ஆனால் அன்று பல நாடுகள் 60-ஐத் தாண்டிய விமானியைத் தங்கள் வானில் அனுமதிக்கவில்லை. உள்நாட்டை விட்டால் நியூசிலாந்து, ஃபிஜி, பாலி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களுக்குத்தான் அவரால் பறக்க முடியும். அவ்வளவை வைத்துப் பணி அட்டவணை போட முடியாது என்றது நிறுவனம். 1998-இல் அந்த நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. சொந்த நாடே அனுமதித்தும் அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று.

60-க்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் மாரடைப்பு வராது என்று எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்க முடியாதே! விமானிகள் பறக்கும்போது முடங்கிப்போவது பெரும்பாலும் வயிற்றுக் கோளாறால்தான், அதற்கு வயது கணக்கில்லை என்பது வேறு விஷயம். 65 என்பது மருத்துவம் பாதி, பேரம் பாதி என்றே எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவில் 1960-இல் 60 வயது விதியைக் கொண்டுவந்த அதிகாரி கெசாடா, பதவியை விட்டதும் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் இயக்குநர் குழுவில் போய் அமர்ந்தார். அந்த விதி வேண்டும் என்று அவருக்குக் கடிதம் எழுதியவரே அந்த நிறுவனத்தின் தலைவர்தான்.

சரக்கு விமானம் உதவாது. கூலிக்குச் சரக்கு ஏற்றுவதும் வணிகப் போக்குவரத்துதான். வாடகை விமானமும் அப்படியே. ஜப்பான் சில நிபந்தனைகளுடன் 67 வரை அனுமதிக்கிறது. ஆனால் மற்ற நாடுகளின் வானில் 65-தான் பேசும். ஒரு நிறுவனம் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் விமானம் இக்காவோவின் இந்த வரம்பில் வராது. அங்கே அந்தந்த நாட்டு விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என் யோசனை, தரையிலேயே விமானம் ஓட்டப் பழக்கும் சிமுலேட்டரில் பயிற்சியாளர் வேலை. பறப்பதற்கான வரம்பு பயிற்சி தருவதற்குப் பொருந்தாது. அதற்கு வேறு விதிகள் உண்டு. பணியில் இருக்கும்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பறந்த மணிக்கணக்கை நிறுவனத்தின் முத்திரையோடு சான்றளித்து வாங்கிவிடுங்கள். வெளியே வந்த பிறகு அந்த ஒரு கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

கடைசி மாதப் பணி அட்டவணையையும் ஒருமுறை பாருங்கள். பிறந்த நாளுக்கு முந்தைய நாள் இரவு பதினொன்றரைக்குக் கிளம்பி விடிகாலை மூன்றுக்கு இறங்கும் விமானத்தை அவர் ஓட்ட முடியாது. நடுவானில் 65 நிறைந்துவிடும். பிறந்த நாளன்று வெளியூரில் மாட்டிக்கொண்டால், திரும்புவது பயணி இருக்கையில்தான்.