கொழும்பு – லண்டன்: ஆறரை மணி நேரமா, பதினொரு மணி நேரமா?

கேள்வி: எழுபது வயதான என் அம்மா ஜூன் மாதம் தனியே லண்டனில் இருக்கும் தங்கையிடம் போகிறார். பகல் 13.00 மணிக்குக் கட்டுநாயக்காவில் புறப்பட்டு அன்றே 19.30க்கு இறங்குவதாகச் சீட்டில் உள்ளது. 8,700 கிலோமீற்றரை ஆறரை மணி நேரத்தில் கடக்க முடியுமா? இன்னொரு முகவர் ‘டிரெக்ட்’ என்று சொன்ன பயணம் 15 மணி நேரம் எடுக்கிறது. எதை எடுப்பது? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் அம்மா பதினொரு மணி நேரம் விமானத்தில் இருப்பார். சீட்டில் புறப்படும் நேரம் கொழும்பு நேரமாகவும் இறங்கும் நேரம் லண்டன் நேரமாகவும் அச்சிடப்படுகின்றன. ஜூனில் லண்டன் நம்மைவிட நான்கரை மணி நேரம் பின்னே இருப்பதால், அங்கே 19.30 ஆகும்போது இங்கே நள்ளிரவாகிவிடும். மொத்தப் பயண நேரத்தை ஒரு வரியில் எழுதிக் கொடுக்க இந்தத் தொழிலில் பலருக்கு ஏன் மனம் வருவதில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த நான்கரை மணி நேரமும் நிலையானதன்று. பிரித்தானியாவில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, ஒக்டோபர் கடைசி ஞாயிறன்று திரும்பப் பின்தள்ளுகிறார்கள். நாம் எதையும் மாற்றுவதில்லை. ஆகவே குளிர்காலத்தில் வித்தியாசம் ஐந்தரை மணி நேரமாகிறது, அதே பதினொரு மணி நேரப் பயணம் சீட்டில் 18.30க்கு முடிவதாகத் தெரியும். அம்மா நவம்பரில் திரும்புவதானால் அந்தச் சீட்டைப் பழைய கணக்கில் பார்க்காதீர்கள்.

8,700 கிலோமீற்றர் என்பது பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய கோட்டின் நீளம். அதை மணிக்கு 900 கிலோமீற்றரால் வகுத்தால் 9 மணி 40 நிமிடம் வரும், ஆனால் விமானம் அந்தக் கோட்டிலேயே பறப்பதில்லை. மேற்கே போகும்போது எதிர்காற்று தடுக்கிறது, திரும்பும்போது அதே காற்று பின்னிருந்து தள்ளுவதால் பயணம் சற்றுக் குறைகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் சீட்டுக் கணக்கில் அடங்கும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது அந்த ‘டிரெக்ட்’ பயணத்தைப் பற்றித்தான். விமானத் தொழிலில் அச்சொல்லின் பொருள் பயணம் முழுவதும் ஒரே விமான இலக்கத்தில் பறப்பது என்பது மட்டுமே. அது இடையில் எங்காவது இறங்கலாம். எங்கும் இறங்காததற்குப் பெயர் ‘நொன்-ஸ்டொப்’, ஆகவே முகவரிடம் அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். இதைவிட மோசமானது, விலை குறைவென்று இரு நிறுவனங்களின் தனித்தனிச் சீட்டுகளை ஒரே தாளில் அச்சிட்டு நீட்டும் வேலை. அவ்வாறானால் இடையில் பொதியை எடுத்து மீண்டும் பதிய வேண்டிவரலாம், அதற்கு அந்நாட்டு விசாவும் தேவைப்படலாம். முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினால் அந்தப் பணமும் போய்விடும். எழுபது வயது அம்மாவைத் தனியே அனுப்புகிறவர் அந்தப் பக்கமே போகக்கூடாது.

பணம் கட்டுமுன் ஆறு எழுத்துப் பதிவிலக்கத்தை வாங்கி, விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே பாருங்கள். பயணம் முழுவதும் அந்த ஒரே பதிவிலக்கத்தின் கீழ் வருகிறதா, இறங்குவது ஹீத்ரோவா கெட்விக்கா என்பதெல்லாம் அங்கே தெரியும். பிறகு தங்கைக்கு அனுப்பும் செய்தியில் 19.30ஐ ‘லண்டன் நேரம்’ என்றே குறிப்பிடுங்கள். குடிவரவு வரிசையும் பொதியும் முடிந்து அம்மா வெளியே வர அதற்குமேல் ஒன்றரை மணி நேரமாவது ஆகலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.