பத்து மாதம் சாதுவாக இருந்த ஏஞ்சல் மீன்களுக்கு என்ன ஆயிற்று?

கேள்வி: எங்கள் வீட்டு மீன் தொட்டி 30 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரம். சென்ற ஆண்டு நாணய அளவில் 4 ஏஞ்சல் மீன்கள் வாங்கினோம். கூடவே 10 நியான் டெட்ரா, 2 முத்து கௌராமி. பத்து மாதம் எல்லாம் ஒற்றுமையாக இருந்தன. ஒரு வாரமாக இரண்டு ஏஞ்சல்கள் மட்டும் ஃபில்டர் குழாயைக் கொத்திக்கொண்டே இருக்கின்றன. பக்கத்தில் வரும் மீனையெல்லாம் விரட்டுகின்றன. ஒரு கௌராமிக்கு வால் கிழிந்துவிட்டது. நியான் ஆறுதான் மிச்சம். “கெட்ட மீன், எடுத்துவிடுங்கள்” என்கிறார் கடைக்காரர். மகள் விடமாட்டேன் என்று அழுகிறாள். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: குழாயைக் கொத்துகின்றன என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, விடை அங்கேதான் இருக்கிறது. ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு தொட்டியருகே போய் அந்தக் குழாயை உற்றுப் பாருங்கள். ரவையை வரிசை வரிசையாக ஒட்டி வைத்தாற்போல் மங்கலான மணிகள் தெரியலாம், அவைதான் முட்டைகள். ஒரு மீன் அதன் எதிரே நின்று பக்கத் துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கும். இடையிடையே வெளுத்துப்போன முட்டையை வாயால் பொறுக்கி எடுக்கும். மற்றது காவல். முட்டை ஒன்றும் தெரியவில்லையென்றால் இடத்தைச் சுத்தம் செய்துகொண்டிருக்கின்றன என்று பொருள். சீக்கிரமே இட்டுவிடும்.

எனக்கும் முதல் முறை இது புரியவில்லை. குழாயில் படிந்த பாசியை மேய்கின்றன என்று நினைத்து, கழற்றி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டேன். இருநூறு முன்னூறு முட்டையாவது சாக்கடையில் போயிருக்கும். அந்த ஜோடி அன்று முழுவதும் வெறும் குழாயையே சுற்றிக்கொண்டிருந்தது.

ஏஞ்சல் என்ற பெயரிலும் அது மிதந்து வரும் அழகிலும் நாம் மயங்கிவிடுகிறோம். அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்த இது சிக்லிட் குடும்பத்து மீன். ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் எல்லாம் இதற்குச் சொந்தம். அவ்வளவு ஏன், நம் ஏரிகளில் பெருகிக் கிடக்கும் ஜிலேபி கெண்டையும் பங்காளிதான். ஏரித் தண்ணீர் தெளிந்திருக்கும் நாளில் கரையோரம் நின்று பாருங்கள். ஆண் ஜிலேபி தரையில் வட்டமாகக் குழி பறித்து, எல்லைக்குள் வரும் இன்னொரு ஆணைத் துரத்தும். கப்பி மீன் குட்டி போட்ட கையோடு அதையே தின்னப் பார்க்கும். சிக்லிட்டுகளோ முட்டையையும் குஞ்சையும் விடாமல் காக்கும். ஏஞ்சல் பருவத்துக்கு வர எட்டு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். உங்கள் மீன்களுக்கு இப்போது சரியாக அந்த வயது.

நியான் கதை வேறு. அவை சண்டையில் சாகவில்லை, இரையாகிவிட்டன. வாங்கிய அன்று ஏஞ்சலும் நியானும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்திருக்கும். நியான் ஒன்றேகால் அங்குலத்தோடு நின்றுவிடுகிறது. ஏஞ்சல் உள்ளங்கை அகலத்துக்கு வளர்கிறது. வாயில் அடங்குவதை அது விட்டுவைக்காது. இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். இப்போது மீனைக் கெட்டது என்று சொல்வதில் நியாயம் இல்லை. மீதி ஆறையும் இன்றே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், அல்லது நியான் வளர்க்கும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

மற்ற மீன்களுக்கு உடனே தேவை ஒரு தடுப்பு. கண்ணுள்ள பிளாஸ்டிக் வலையைத் தொட்டியின் அகலத்துக்கும் உயரத்துக்கும் வெட்டி, குழாய் இருக்கும் பக்கம் மூன்றில் ஒரு பங்கை ஜோடிக்கு ஒதுக்கிவிடுங்கள். அடியில் வலை மணலுக்குள் ஓர் அங்குலமாவது புதைந்திருக்கட்டும். விளிம்பில் விரல் நுழையும் சந்து இருந்தால்கூடப் புகுந்து வந்துவிடும். வலைக்கு இந்தப் பக்கம் அகன்ற இலைச் செடிகளை வைத்து மறைத்துவிட்டால் இரு தரப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே முறைக்க வேண்டியதில்லை. தொட்டிக்கு மூடி இல்லையென்றால் போடுங்கள். துரத்தப்படும் கௌராமி வெளியே குதித்துவிடும். காலையில் சோபாவுக்கு அடியில் கிடக்கும்.

முட்டையை எடுத்தெறிந்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். இரண்டு வாரத்துக்குள் மறுபடி இட்டுவிடும். கல்லையும் செடியையும் இடம் மாற்றுவது சாதாரண எல்லைத் தகராறுக்கு நல்ல வைத்தியம்தான். முட்டை இருக்கும்போது பலிக்காது.

கிழிந்த வால் சுத்தமான தண்ணீரில் தானே வளர்ந்துவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், குளோரின் நீக்கிய பிறகு. கிழிசலின் ஓரத்தில் பஞ்சுபோல் வெள்ளையாகத் தெரிந்தால் மட்டும் கௌராமியைத் தனி டப்பில் விட்டு மருந்து போடுங்கள். முட்டையிருக்கும் தொட்டியில் எந்த மருந்தும் வேண்டாம்.

வலை சில வாரங்களுக்குத்தான் தாங்கும். மணல் போக உங்கள் தொட்டியில் 75 லிட்டர் தண்ணீர் நின்றால் அதிகம். நான்கு வளர்ந்த ஏஞ்சலுக்கு அது போதாது. அதிலும் ஒரு ஜோடி பாதிக்கு மேல் எங்களுடையது என்று வளைத்துப்போடும். என்னைக் கேட்டால் இந்தத் தொட்டியை ஜோடிக்கே கொடுத்துவிட்டு, மற்ற இரண்டு ஏஞ்சல்களுக்கும் கௌராமிகளுக்கும் இடம் தேடுவேன். மகள் அழ மாட்டாள் என்பது இதில் ஒரு கூடுதல் வசதி. இடமும் பணமும் இடிக்கிறது என்றால் ஜோடியைப் பிரிக்காமல் கொடுங்கள். முட்டையிட்டுப் பழகிய ஜோடிக்கு மீன் வளர்ப்பவர்களிடம் குட்டி மீனைவிட நல்ல விலை உண்டு. எதுவானாலும் கண்மாயிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள். தொட்டியிலிருந்து போன சக்கர் மீன்கள் நம் நீர்நிலைகளில் வலைகளைக் கிழித்துக்கொண்டிருப்பது போதும்.

இன்னொன்று, மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். முதல் தடவை இட்ட முட்டைகளை ஏஞ்சல்கள் தாங்களே தின்றுவிடுவது சகஜம். இரண்டும் பெண்ணாக இருந்தாலும் ஜோடி சேர்ந்து முட்டையிடும். அப்போது அத்தனையும் பொரிக்காமல் வெளுத்துப்போகும். தப்பினால் இரண்டு மூன்று நாளில் குழாயில் வால்கள் நெளிவது தெரியும், அடுத்த ஒரு வாரத்துக்குள் நீந்தத் தொடங்கும். நீந்தும் குஞ்சுக்கு உயிருள்ள ஆர்ட்டீமியா, அதாவது இறால் இனத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணுயிரின் குஞ்சுகள், கொடுக்க வேண்டும். வால்கள் நெளிவதைப் பார்த்த அன்றே எழுதுங்கள், அதை உப்புத் தண்ணீரில் பொரிக்க வைக்கும் முறையைச் சொல்கிறேன்.