நாலு வரிக் கடிதம்

வணக்கம் அக்கா,

இரண்டு வருடமாக நானும் மனைவியும் வீட்டுச் செலவை நன்றாகக் குறைத்துவிட்டோம். புதுத் துணி, பயணம், சந்தாக்கள் எல்லாம் நின்றுபோயின. மிச்சமாவதைத் தொண்டு நிறுவனம் ஒன்றின் வழியாக ஒரு சிறுமியின் படிப்புக்கு அனுப்புகிறோம். முன்பு அவள் வருடத்துக்கு நாலு வரி எழுதுவாள். இந்த வருடம் அதுவும் இல்லை. மனம் சோர்ந்துவிட்டது. பேசாமல் ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு நேராகப் பணம் கொடுக்கலாமா, அல்லது வீணடித்துவிடுவார்களா? எங்கள் மகளும் “எனக்கு மட்டும் ஏன் எதுவும் இல்லை?” என்கிறாள். வருமானத்தில் எத்தனை சதவீதம் கொடுப்பது சரி?

ரா.

அன்புள்ள தம்பி,

சதவீதத்தை விடுங்கள். உங்கள் கடனும் வாடகையும் தெரிந்து நீங்கள் இருவரும் போடவேண்டிய கணக்கு அது. இரண்டு வருடம் ஒருமனதாகச் செலவைச் சுருக்கியிருக்கிறீர்கள். படித்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து திட்டப்போகிறேன்.

அப்படிப்பட்ட நாலு வரியை எழுதிய பிள்ளை நான். முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய பணத்தில்தான் விடுதியில் தங்கிப் படித்தேன். வருடத்துக்கு ஒருமுறை வார்டன் கரும்பலகையில் எழுதிப்போடுவார், நாங்கள் வரிசையாக உட்கார்ந்து பார்த்து எழுதுவோம். “நான் நலம். நன்றாகப் படிக்கிறேன். உங்களுக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.” கணக்கில் தோற்ற வருடமும் நான் நன்றாகத்தான் படித்தேன். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த வருடமும் நலமாகத்தான் இருந்தேன். எழுத்து கோணினால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதச் சொல்வார்கள். பணம் அனுப்பியவர் நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். ஆனால் அவரை நினைத்தாலே எனக்குப் பயம். கடிதம் பிடிக்காமல் பணத்தை நிறுத்திவிட்டால்? படிப்பு, படுக்கை, அடுத்த வேளைச் சாப்பாடு எல்லாமே என் கையெழுத்தில்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஒன்பது வயதுப் பிள்ளை பேனாவைப் பிடித்தால் அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது நீங்கள் மனம் சோர்ந்துவிட்டது என்கிறீர்கள். அவளுக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலை உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லையே, தம்பி! உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். வீடு மாறியிருக்கலாம். எழுதப் பிடிக்காமலும் இருக்கலாம், அதற்கும் அவளுக்கு உரிமை உண்டு. பரிசு தந்த அத்தைக்கு நாலு வரி எழுத உங்கள் மகளிடம் எத்தனை முறை சொல்லவேண்டியிருக்கும்? துணியை விட்டீர்கள், பயணத்தை விட்டீர்கள். அந்த நன்றியை மட்டும் ஏன் விட முடியவில்லை?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு குழந்தையின் படத்தைக் காட்டி நன்கொடை கேட்கும் பெரிய நிறுவனங்கள் பல, வரும் பணத்தை அந்த ஒரு பிள்ளைக்கென்று தனியாகக் கொடுப்பதில்லை. ஊர் முழுவதற்குமான பள்ளி, குடிநீர், மருத்துவம் என்று சேர்த்துச் செலவிடுகின்றன. அதில் தப்பே இல்லை, அதுதான் சரி. ஆனால் கொடுப்பவருக்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது என்பதற்காக ஒரு பிள்ளையைக் கடிதம் எழுத உட்காரவைக்கிறார்கள்.

முகம் தெரியாமலே கொடுப்பது எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தில் உள்ள போன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கரைத்த தண்ணீரைக் கொடுத்து, நோயாளிகளின் வீட்டாரையே புகட்டச் சொன்னார். 30 சதவீதம்வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அங்கே பிழைத்த பிள்ளைகளுக்கு அந்தக் குளுக்கோஸுக்குப் பணம் தந்தது யார் என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. முகமில்லாத இப்படிப்பட்ட வேலைகளுக்குத்தான் நன்கொடை கிடைப்பது கஷ்டம்.

குடும்பத்துக்கு நேராகக் கொடுக்கலாமா என்றால், தாராளமாகக் கொடுக்கலாம். ஏழைகளின் கையில் பணம் கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்பது பழைய புரளி. உலக வங்கி ஆய்வாளர்கள் 2014இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அப்படிப்பட்ட உதவியால் மது, புகையிலைச் செலவு பொதுவாகக் கூடவில்லை என்றுதான் தெரிந்தது. ஆனால் கடிதம் வரவில்லை என்ற கோபத்தில் இந்தச் சிறுமியை விட்டுவிட்டு அங்கே போகாதீர்கள்.

மகள் கேட்பது நியாயம். முடிவெடுத்தது நீங்கள் இருவர், அவளை யாரும் கேட்கவில்லை. நிறுத்தியதில் எது அவளுக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டு அதைக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், நிறுவனத்துக்கு இன்றே எழுதுங்கள். அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேளுங்கள். இனி கடிதம் எழுதவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுதினாலும் எழுதாவிட்டாலும், பாஸானாலும் ஃபெயிலானாலும், பள்ளிப் படிப்பு முடியும்வரை பணம் வரும் என்பதை அவளிடமே நேரில் சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா