ஐசியூ செவிலியர் கேள்வி-பதில்: மெமோவுக்கு முன் டியூட்டி சார்ட்டைப் பாருங்கள்

பெருந்தொற்றுக் கால ஐசியூ வேலை பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: வீட்டுக்கு வந்த பிறகும் வென்டிலேட்டர் அலாரம் காதில் ஒலிக்கிறது. நோயாளியின் பெயர் நினைவில் நிற்பதில்லை, பெட் நம்பர்தான் நிற்கிறது. இது வெறும் களைப்புதானா?

பதில்: களைப்பு இரண்டு நாள் நன்றாகத் தூங்கினால் போய்விடும். பெட் நம்பர் விஷயம்தான் எனக்குக் கவலை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐசிடி-11 என்ற சர்வதேச நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பர்ன்அவுட்டுக்கு, அதாவது வேலையால் உள்ளுக்குள் வற்றிப்போவதற்கு, மூன்று அடையாளங்கள் சொன்னது: சக்தி வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, முன்புபோல் வேலை ஓடாதது. வேலையிடத்தின் ஓயாத அழுத்தத்தால் வருவது என்றும் சொன்னது. ஆகவே உங்களை நொந்துகொள்ள வேண்டாம். இன்சார்ஜிடம் எழுத்தில் கொடுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஆள் இல்லை என்பதால் 12 மணி நேரத்துக்கு மேலும் நிற்கிறோம். பழகிவிட்டது. பரவாயில்லையா?

பதில்: பழகாது. 2004-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பன்னிரண்டரை மணி நேரத்தை எட்டிய ஷிப்டுகளில் தவறு நடக்கும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு. அதுவும் பிபிஇ கிட் போடாத காலத்தில்.

கேள்வி: எங்கள் சிஸ்டர் ஒருவர், பிபியை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து போகும் பம்ப்பில் 15-க்குப் பதில் 50 போட்டுவிட்டார். பிபி ஏறியதும் பிடித்துவிட்டோம். மெமோ போதுமா, சஸ்பெண்ட் செய்யலாமா?

பதில்: கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவருடைய வயது, சர்வீஸ், பழைய மெமோ எல்லாம் இருக்கின்றன. அன்று அவர் பொறுப்பில் எத்தனை வென்டிலேட்டர் நோயாளிகள், அது தொடர்ச்சியாக எத்தனையாவது நைட், கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார் என்று ஒரு வரிகூட இல்லை. இதை விட்டுவிட்டுத் தண்டனை கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அவர் நின்ற இடத்தில் நின்று பாருங்கள். கண்ணாடியில் ஆவி படிந்திருக்கிறது. இரட்டைக் கையுறையோடு பட்டன் அழுத்த வேண்டும். பக்கத்து பெட்டில் அலாரம். ஆர்டர் சொல்பவரும் மாஸ்க்குக்குள்ளிருந்து சொல்கிறார். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோலத்தான் கேட்கும். அவர் திருப்பிச் சொன்னாரா, "ஒன்று-ஐந்து" என்று இலக்கம் இலக்கமாக? அதற்கு யாராவது நின்று காது கொடுத்தார்களா? பம்ப்பில் மேல் வரம்பு போட்டிருந்தால் அது 50-ஐ ஏற்றிருக்காது. அதைப் போடாதது யார்?

நானும் ஒரு முறை, தொடர்ந்து மூன்றாவது நைட்டில், விடிகாலை நாலு மணிக்கு, இன்சுலின் பம்ப்பில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் சிரிஞ்சை மாட்டப் போனேன். பக்கத்தில் நின்ற ஜூனியர் "அக்கா, லேபிள்" என்றாள். அவளை அன்று வேறு வார்டுக்கு மாற்றியிருந்தால் என் கதையும் மெமோவில்தான் முடிந்திருக்கும். நோயாளியின் கதையை நினைக்கவே இப்போதும் கை நடுங்குகிறது.

மெமோ கொடுத்தால் அடுத்த தவறு நிற்காது, உங்கள் கண்ணுக்குத்தான் தெரியாமல் போகும். எல்லோரும் மறைக்கப் பழகுவார்கள். முதலில் அந்த சிஸ்டரை உட்கார வைத்து, சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அப்புறம் டியூட்டி சார்ட்டை எடுங்கள்.

கேள்வி: இன்சுலின் ஆர்டரில் யூனிட்டுக்கு 'யூ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்து போதாதா?

பதில்: போதாது. அவசரத்தில் அது பூஜ்யமாகத் தெரியும். 4 என்பது 40 ஆகிவிடும். 'யூனிட்' என்று முழுதாக எழுதுங்கள். எத்தனை முறைதான் சொல்வது?

கேள்வி: டபுள் செக் செய்ய நேரமே இல்லை. எதற்கெல்லாம் விடலாம்?

பதில்: எதற்கு விடக்கூடாது என்று கேளுங்கள். இன்சுலின், ஹெபாரின், பொட்டாசியம் குளோரைடு, நார்அட்ரினலின், வலி மருந்தான ஃபென்டனில். இரண்டாவது ஆள் தானே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். "15 தானே?" "ஆமாம்" என்பது டபுள் செக்கில் சேராது.

கேள்வி: நான் பொது வார்டு செவிலியர். ஒரே நாள் பயிற்சியோடு ஐசியூவில் போட்டுவிட்டார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது. ஷிப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்ட்ஓவரிலேயே "வென்டிலேட்டர் எனக்குத் தெரியாது, பம்ப்பைத் தனியாகத் தொடமாட்டேன்" என்று எல்லோர் முன்பும் சொல்லுங்கள். வாய்ப் பராமரிப்பு, கண் பராமரிப்பு, சார்ட் எழுதுவது, நோயாளியைக் குப்புறத் திருப்பும்போது கை கொடுப்பது, இவற்றை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். ஐசியூ சிஸ்டருக்கு அதுவே பெரிய உதவி. சந்தேகம் வந்தால் உடனே கூப்பிடுங்கள், நடுராத்திரி என்றாலும் சரி.